கழுத்தைப் பூட்டியும் வைக்காதீர்கள், முறிக்கவும் விடாதீர்கள்

சிங்கப்பூர் வாசகர்களின் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவர் (பிசியோ) பதில் சொல்கிறார். இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி விபத்துக்குப் பிறகு வரும் கழுத்துவலி பற்றியவை.

*கேள்வி: என் கணவர் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறார். போன வாரம் தீவு விரைவுச்சாலையில் நெரிசலில் நின்றபோது பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. பம்பரில் கீறல் மட்டும்தான். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் காலையில் கழுத்து திரும்பவில்லை, பின்மண்டையெல்லாம் வலி. பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு எலும்புக்கு ஒன்றுமில்லை என்று மாத்திரையும் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தார்கள். இவராகவே மருந்துக்கடையில் கழுத்துப்பட்டை வாங்கி இரவு பகலாகப் போட்டிருக்கிறார். மாமியார் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார். என்ன செய்வது? – வாசகி, ஈசூன்*

சுளுக்கு எடுக்கப் போகவே வேண்டாம், பட்டையையும் கழற்றச் சொல்லுங்கள். காரணத்தையும் சொல்கிறேன், அப்போதுதான் மாமியாருக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல முடியும்.

பின்னாலிருந்து வண்டி இடிக்கும்போது இருக்கை உடம்பை முன்னால் தள்ளுகிறது, தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. இடித்த விநாடியின் முதல் பத்தில் ஒரு பங்குக்குள் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னாலும் மேல்பகுதி முன்னாலும் வளைந்து ஆங்கில எஸ் எழுத்து மாதிரி ஆகிவிடுகிறது, அதற்கப்புறம்தான் தலை பின்னால் போய் முன்னால் வருகிறது. தசை இறுகித் தாங்கிக்கொள்ள அந்த நேரம் போதாது. கழுத்தெலும்புகளின் பின்பக்கம் இரண்டு பக்கமும் இருக்கும் சிறு மூட்டுகள் நசுங்கும், அவற்றைச் சுற்றிய உறையும் தசைநார்களும் இழுபட்டுப் போகும். இதைத்தான் டாக்டர்கள் விப்லாஷ் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு, இவருக்கு அடிபட்டிருப்பது எலும்பைச் சுற்றியிருப்பது, அதனால் படம் சுத்தமாக இருப்பதும் வலி நிஜமாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. வீக்கமும் தசை இறுக்கமும் மெல்லத்தான் ஏறும் என்பதால் வலி மறுநாள் வருவதும் ரொம்ப சகஜம். பம்பர் நசுங்கவில்லை என்பதை வைத்துக் கழுத்துக்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது.

பட்டை போட்டால் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நாள் போகப்போகத் தசை பலம் குறையும், மூட்டு இறுகும், அசைத்தால் ஏதோ ஆகிவிடும் என்ற பயமும் வேர்விடும். முன்பெல்லாம் வாரக்கணக்கில் பட்டை போடச் சொன்னார்கள். எலும்பு முறிவு இல்லாதவர்கள் சீக்கிரமே அசைக்கத் தொடங்கினால்தான் நன்றாகத் தேறுகிறார்கள் என்று தெரிந்தபிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. (முறிவுக்காக மருத்துவமனையில் போட்டுவிட்ட பட்டையை யாரும் தாங்களாகக் கழற்றக் கூடாது, அது வேறு விஷயம்.)

சரி, எப்படி அசைப்பது? முதுகு சாய்ந்து நாற்காலியில் உட்காரட்டும், இரண்டு பாதமும் தரையில், தோள் தளர்வாக. வலப்பக்கத் தோளைப் பார்ப்பதுபோல மெதுவாகத் தலையைத் திருப்பி, லேசாக இழுக்கிற இடத்தில் இரண்டு மூன்று விநாடி நின்று நடுவுக்கு வரட்டும். அப்புறம் இடப்பக்கம். முதலில் பக்கத்துக்கு ஐந்து முறை, பழகியதும் பத்து. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை செய்தால் நல்லது. இழுக்கலாம், கொஞ்சம் வலிக்கலாம், செய்து முடித்த சற்று நேரத்தில் வலி பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் சரியாகச் செய்கிறார் என்று அர்த்தம். கையில் சுரீரென்று மின்சாரம்போல இறங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை நேரத்துக்குப் போடட்டும், வலி தாங்கினால்தான் அசைக்க முடியும். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்த மாத்திரை இருந்தால் இபுபுரொஃபெனைக் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். கோடாரித் தைலம் தடவினால் இதம் என்றால் தடவட்டும், தேய்த்து அமுக்கக் கூடாது.

சுளுக்கு எடுக்கிறேன் என்று தலையைப் பிடித்துச் சடாரென்று திருப்புவதும், முடிவெட்டிய கையோடு கழுத்தில் நெட்டி எடுப்பதும் எனக்குக் கவலை தரும் வேலைகள். கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் ஏறுகின்றன. அப்படித் திருப்பும்போது, அபூர்வமாகத்தான் என்றாலும், அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. ஏற்கெனவே இழுபட்ட கழுத்தில் அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

இரண்டு பக்கமும் 45 பாகை, அதாவது பாதித் தூரமாவது, தலை தாராளமாகத் திரும்பும்வரை அவர் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம், பக்கத்து தடத்தைத் திரும்பிப் பார்க்க முடியாதவர் விரைவுச்சாலையில் ஓட்டுவது மற்றவர்களுக்கும் ஆபத்து. வருமானம் போகிறதே என்பீர்கள். செயலி வழியாகப் பயணியை ஏற்றப் போகும்போதோ ஏற்றிச் செல்லும்போதோ விபத்து நடந்திருந்தால், 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தளச் சேவை ஊழியர் சட்டப்படி அந்த நிறுவனத்தின் வேலைக்காயக் காப்புறுதியில் அவருக்கு உரிமை உண்டு. எம்சி, மருந்துச் சீட்டு, ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

*கேள்வி: காரில் தலைக்கு வைக்கும் குஷன் சாய்ந்து தூங்கத்தானே? நான் அதை முழுக்க இறக்கித்தான் வைத்திருக்கிறேன். – வாசகர், பொங்கோல்*

இல்லை ஐயா, அது இந்தக் காயத்தைத் தடுக்கத்தான் இருக்கிறது. அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை அளவுக்கு, முடியாவிட்டால் காதின் மேல்நுனிக்காவது வர வேண்டும். பின்மண்டைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. இறக்கி வைத்தால் தலை அதற்கு மேலாகப் பின்னால் வளையும். இன்றைக்கே ஏற்றிவிடுங்கள், மனைவி உட்காரும் இருக்கையிலும்.

*கேள்வி: கட்டுமான வேலை செய்கிறேன் அக்கா. நான்கு நாள் முன்பு கம்பெனி லாரியில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகும்போது டிரைவர் திடீர் பிரேக் போட்டார், தலை முன்னால் போய்ப் பின்னால் கம்பியில் இடித்தது. கழுத்துவலி பொறுத்துக்கொள்வேன், ஆனால் வலது கை கட்டைவிரல் மரத்துப்போகிறது, மண்வெட்டி பிடி நழுவுகிறது. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். – வாசகர், துவாஸ்*

தம்பி, இதைப் படித்து முடித்ததும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உடற்பயிற்சி, தைலம் எதுவும் இப்போது உங்களுக்கு இல்லை.

1995-ல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒரு மருத்துவக் குழு இந்தக் காயத்தைத் தரம் பிரித்தது. வலி மட்டும் இருந்தால் முதல் நிலை, கழுத்து அசைவு குறைந்து தொட்டால் வலித்தால் இரண்டு, நரம்பு பாதித்த அறிகுறி இருந்தால் மூன்று, எலும்பு முறிந்தோ விலகியோ இருந்தால் நான்கு. விரல் மரப்பதும் பிடி நழுவுவதும் நரம்பு சொல்லும் சேதி, அதனால் நீங்கள் மூன்றாவதில் இருக்கலாம், எலும்பையும் படம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். கால் தள்ளாடினாலோ, இரண்டு கையும் மரத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ எங்கும் நடக்க வேண்டாம், அசையாமல் இருந்து 995 ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள்.

பயத்துக்கு வருகிறேன். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போது அடிபட்டால் சட்டம் அதை வேலையில் பட்ட காயமாகவே கருதுகிறது. யார் தவறு என்ற கேள்வியே இல்லை, ஒர்க் பெர்மிட்காரர்களுக்கும் பொருந்தும். மருத்துவச் செலவையும் எம்சி நாள் சம்பளத்தையும் சட்டம் சொல்லும் வரம்புக்குள் முதலாளிதான் ஏற்க வேண்டும். எம்சியோ இலகுவேலையோ கொடுக்கப்பட்டால் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இழப்பீடு கேட்க விபத்து நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். டாக்டரிடம் "லாரியில் நடந்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள், ரூமில் விழுந்தேன் என்று யார் சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள்.

*கேள்வி: விபத்து நடந்து ஏழு மாதம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. இன்னும் வலி, தூக்கம் இல்லை, பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. நடிக்கிறேன் என்று ஆபீசில் பேசுகிறார்கள். – வாசகி, சுவா சூ காங்*

நீங்கள் நடிக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும், ஆனாலும் ஓராண்டு கடந்தும் வலியோடு இருப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். 1990-களில் ஆஸ்திரேலியாவில் இப்படி நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு நான் மேலே சொன்ன சிறு மூட்டுகளின் நரம்பை ஊசிபோட்டு மரக்கச் செய்து சோதித்தார்கள், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வலி அங்கிருந்துதான் வந்தது. ஸ்கேனில் அது தெரிவதில்லை. அப்படி உறுதியானவர்களில் சிலருக்கு அந்த நரம்பைச் சூட்டால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை பல மாதம் நிம்மதி தரும், நரம்பு வளர்ந்ததும் வலி திரும்பலாம், மறுபடி செய்யலாம். வலி சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

அதற்கு முன்னால் இரண்டு விஷயம். இத்தனை மாதமும் படுத்து மசாஜ் வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தீர்களா என்று எழுதவில்லை. அப்படியென்றால் கழுத்தின் உள்தசைகளை வலுவாக்கும் பயிற்சிக்கு மாறுங்கள், மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், தாடையை மட்டும் மெல்ல உள்ளிழுத்துப் பிடிப்பதில் அது ஆரம்பிக்கும், மேலே எவ்வளவு என்பதை பிசியோ நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டாவது, ஹார்ன் சத்தத்துக்கு நடுங்குவதும் தூக்கம் கெடுவதும் விபத்து மனதில் விட்டுப்போன காயம். அந்தப் பதற்றம் இருக்கும்வரை நரம்புகள் வலியைப் பெரிதாக்கிக்கொண்டே இருக்கும், கழுத்தை மட்டும் பார்த்தால் பாதி வைத்தியம்தான். பலதுறை மருந்தகத்து டாக்டரிடம் இதை வெட்கப்படாமல் சொல்லி மனநல ஆலோசகரைப் பார்க்கக் கேளுங்கள். வழக்கு போட நினைத்தால் தனிநபர் காயத்துக்கு விபத்து நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, அதனால் முதலில் சிகிச்சைக்கு நாள் குறியுங்கள்.