பஸ் டிரைவர் எழுதப்போகிற பையன்

ஐயா, நேற்று பையனோடு நீங்களும் உங்கள் அண்ணனும் வந்திருந்தீர்கள். "லினக்ஸுக்கு பஸ் டிரைவர் எழுதணும்" என்று அவன் சொன்னதும், "பஸ் ஓட்டவா இவ்வளவு மார்க் வாங்குன?" என்று அண்ணன் கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். பையன் சிரிக்கவில்லை.

"கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று நேற்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரியில் இசிஇ கிடைக்கிற மார்க் அவனிடம் இருக்கிறது. ஏஐ என்று பெயர் போட்ட படிப்புக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் கட்ட நீங்கள் அரை ஏக்கரை விற்கப் பார்க்கிறீர்கள். விற்காதீர்கள். கடனும் வாங்காதீர்கள்.

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். அண்ணன் கேலி செய்த பஸ், சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தடம். அவன் கையில் இருப்பது ஐ-டூ-சி என்ற வகை பஸ், பிலிப்ஸ் கம்பெனி 1982-ல் கொண்டுவந்தது. இரண்டே கம்பி. ஒன்றில் தகவல், மற்றதில் கடிகாரத் துடிப்பு. எட்டு பிட் போனதும் ஒன்பதாவது துடிப்பில் எதிர்ச் சிப்பு தகவல் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்து 'வந்து சேர்ந்தது' என்று சொல்லும். நேரம் காட்டும் சிப்பு, அசைவை அளக்கும் சிப்பு இரண்டுக்கும் ஒரே விலாசம், 68. இரண்டும் குழம்பி, இரண்டு நாள் தூங்காமல் உட்கார்ந்து, சிப்பின் ஒரு பின்னை (காலை) மின்னழுத்தத்தோடு இணைத்து ஒன்றை 69 ஆக்கியிருக்கிறான். இதை அவன் விளக்கியபோது நீங்கள் போன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த படிதான் பஸ் டிரைவர், அதாவது அந்தத் தடத்தை லினக்ஸ் பயன்படுத்த உதவும் மென்பொருள். பஸ்ஸை நடத்தும் கன்ட்ரோலரின் ரெஜிஸ்டர்களை, அதற்குள் இருக்கும் சிறு நினைவு இடங்களை, சி மொழியில் இயக்கவேண்டும். பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, ஒரு சிப்பு கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டால் ஒன்பது துடிப்பு அனுப்பி எப்படி விடுவிப்பது, எல்லாம் அதன் பொறுப்பு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இந்த டிரைவர்களுக்கென்றே ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுக்கு உள்ளதும் அங்கேதான். புது வகைக் கன்ட்ரோலர் வந்தால் யாராவது புதிதாக எழுதித்தான் ஆகவேண்டும். சென்னை ஐஐடியின் சக்தி சிப்பில் 2018-ல் லினக்ஸ் ஓடியது. அதுபோன்ற வேலைக்கு ஆள் வேண்டும்.

எழுதியதை மின்னஞ்சலில் கெர்னலின் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பவேண்டும். அப்படி அனுப்புவதற்குப் பேட்ச் என்று பெயர். முதல் பேட்ச் திரும்பி வரும், மூன்றாவதும் வரலாம். சம்பளம் கிடையாது. ஆனால் ஏற்றுக்கொண்டால் அவன் பெயர் கெர்னல் வரலாற்றில் நிற்கும். இன்டர்வியூவில் காட்ட அவனிடம் சொந்தச் சரக்கு இருக்கும். இதுவே வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லமாட்டேன். அந்த ஏஐ சீட்டும் உத்தரவாதம் இல்லை.

செலவு? ஒரு போர்டு, கம்பியில் ஓடும் துடிப்புகளைக் காட்டும் மலிவான லாஜிக் அனலைசர், நாலைந்து சென்சார். நிலம் விற்கிற அளவுக்கு எதுவும் இல்லை.

கவுன்சிலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங்கை அவனே செய்யட்டும். அன்றைக்கு அண்ணன் வீட்டில் இருந்தால், பேச்சை வேறு பக்கம் திருப்புவது உங்கள் பொறுப்பு.