ஆறு செயினுக்கு ஒரு சிப்பி: குரோஷா கேள்வி-பதில்

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா பற்றி இம்முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ‘ஷெல்’ எனப்படும் சிப்பிப் பின்னலைப் பற்றியவையாக இருப்பதால், அவற்றை மட்டும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். செயின் (சங்கிலிக் கண்ணி), சிங்கிள் (குட்டையான பின்னல்), டபுள் (அதைவிட உயரமான பின்னல்) என்றுதான் நம் வகுப்புகளில் சொல்லிப் பழகியிருக்கிறோம் என்பதால் அந்தச் சொற்களையே இங்கும் கையாள்கிறேன்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு குரோஷா பழகத் தொடங்கினேன். செயின், சிங்கிள், டபுள் மூன்றும் கைவந்துவிட்டன. அலங்காரமாக ஒரு பின்னல் கற்க வேண்டுமென்றால் எதை எடுக்கலாம்? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: சிப்பியையே எடுங்கள். இதில் புதிதாக எந்தப் பின்னலும் இல்லை. ஒரே துளைக்குள் ஐந்து டபுள் போட்டால் அவை அடியில் நெருங்கி, மேலே விசிறிபோல் விரிந்து, தாமாகவே சிப்பி வடிவம் எடுத்துக்கொள்ளும். விரிவதற்கு இரு பக்கமும் இடம் விட வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு செயின்களைத் தாண்டுகிறோம்.

கணக்கு எளியது. ஒரு சிப்பிக்கு ஆறு செயின், கடைசியில் கூடுதலாக இரண்டு. பழகிப் பார்க்க மூன்று சிப்பி போதும் என்பதால் 20 செயின் போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் ஒரு சிங்கிள் போட்டு, இரண்டு செயினைத் தாண்டி, அடுத்த செயினில் ஐந்து டபுள் போட்டு, மீண்டும் இரண்டைத் தாண்டி, அடுத்ததில் ஒரு சிங்கிள் போட்டால் முதல் சிப்பி முடிந்தது. இதையே இன்னும் இரண்டு முறை செய்தால் வரிசை சரியாகக் கடைசிச் செயினில் ஒரு சிங்கிளோடு முடிய வேண்டும். ஒரு செயின் மீதியானாலும் குறைந்தாலும் எண்ணிக்கை எங்கோ பிசகியிருக்கிறது என்று பொருள், அதைப் பிரித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இரண்டாம் வரிசையில் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்து யாரும் தப்பித்ததை நான் பார்த்ததில்லை.

அடிச்செயின் இறுகியிருந்தால் சிப்பிகள் குழிந்து கிண்ணம்போல் நிற்கும். அதனால் செயினை மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியால் போட்டுவிட்டு, பிறகு உங்கள் ஊசிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் வரிசை அழகாக வருகிறது. ஆனால் அடுத்தடுத்த வரிசைகளில் ஓரம் உள்வாங்கி, சதுரமாக வரவேண்டிய துண்டு சமோசாபோல் ஆகிவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்? (அம்பத்தூர் வாசகி)

பதில்: சமோசா என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் முதல் மேசை விரிப்பு நினைவுக்கு வந்தது. அகலமாகத் தொடங்கி, எட்டாவது வரிசையில் கைவிசிறி அளவுக்குச் சுருங்கியதை என் அம்மா வெகுநாள் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகப் போட்டு வைத்திருந்தார்.

தவறு இரண்டு ஓரங்களிலும் இருக்கிறது. சிப்பிகள் செங்கல் அடுக்குவதுபோல் வரிசைக்கு வரிசை அரை இடம் நகர்கின்றன. கீழ்வரிசையின் சிங்கிள் மேல் சிப்பி உட்காரும், கீழ்வரிசைச் சிப்பியின் உச்சியில் சிங்கிள் உட்காரும். இப்படி நகரும்போது இரு முனைகளிலும் முழுச் சிப்பிக்கு இடம் இருக்காது, அரைச் சிப்பிதான் அடங்கும். அந்த அரைச் சிப்பியைப் போடாமல் விட்டால் துண்டு வரிசைதோறும் குறுகிக்கொண்டே போகும்.

ஆகவே இரண்டாம் வரிசையைத் தொடங்கும்போது மூன்று செயின் போடுங்கள், அது ஒரு டபுளுக்குச் சமம். முதல் வரிசை முடிந்த சிங்கிளின் தலையில் இன்னும் இரண்டு டபுள் போட்டால் அரைச் சிப்பி ஆகிவிடும். பிறகு கீழ்ச்சிப்பியின் மூன்றாவது டபுளில், அதாவது சரியாக நடுவில், ஒரு சிங்கிள், அடுத்த சிங்கிளில் ஐந்து டபுள் என்று தொடர்ந்து, கடைசிச் சிங்கிளில் மூன்று டபுளோடு நிறுத்துங்கள். மூன்றாம் வரிசையை ஒரு செயினோடும் முதல் டபுளின் தலையில் ஒரு சிங்கிளோடும் தொடங்கி, முழுச் சிப்பிகளாகப் போட்டுக்கொண்டு போனால், கடைசிச் சிங்கிள் எங்கே விழ வேண்டும் என்ற கேள்வி வரும். அது இரண்டாம் வரிசையின் தொடக்கத்தில் போட்ட மூன்று செயினின் உச்சியில் விழ வேண்டும். பழகுபவர்களில் பலர் தவறவிடுவது இந்த ஓர் இடத்தைத்தான், ஏனெனில் அது பின்னல்போலத் தெரியாமல் ஓரத்தில் தொங்கும் நூல்போலத் தெரியும். ஒரு வாரத்துக்கு அந்த மூன்றாவது செயினில் வண்ண நூல்துண்டு ஒன்றை மாட்டிவைத்துப் பின்னிப் பாருங்கள், பிறகு கண்ணே கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: மாமியாரின் பெட்டியில் கிடைத்த பழைய பின்னல் புத்தகத்தைப் பார்த்துச் சிப்பி போட்டேன். குட்டையாக, சப்பையாக வருகிறது. புத்தகத்தில் ‘டபுள்’ என்றுதான் இருக்கிறது. (பெரம்பூர் வாசகி)

பதில்: உங்கள் புத்தகம் பிரிட்டிஷ் முறையில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். அவர்கள் டபுள் என்பது அமெரிக்க முறையில் சிங்கிள், அவர்கள் டிரெபிள் என்பதுதான் நாம் டபுள் என்று சொல்வது. நூலை ஒரு சுற்றுச் சுற்றி, துளைக்குள் விட்டு இழுத்து, ஊசியில் இருக்கும் மூன்று கண்ணிகளை இரண்டு இரண்டாகக் கழிக்கிறோமே, அந்தப் பின்னலை இங்கே டபுள் என்கிறோம். இணையத்தில் அமெரிக்க முறையும் பழைய புத்தகங்களில் பிரிட்டிஷ் முறையும் கலந்து கிடப்பதால் இந்தக் குழப்பம் தீரப்போவதில்லை. புத்தகத்தில் டபுள் வரிசைக்கு எத்தனை செயினோடு திரும்பச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்று என்றால் பிரிட்டிஷ், மூன்று என்றால் அமெரிக்க முறை.

கேள்வி: எந்த நூல், எந்த ஊசி? சென்னை வெயிலில் கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டிக்கொள்கிறது. (வளசரவாக்கம் வாசகி)

பதில்: கம்பளி நூல் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை இழைதான். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பருத்தியே நல்லது. பழகும் வரையில் வெளிர் நிறத்தில் சற்றுத் தடித்த பருத்தி நூலும் 3.5 மி.மீ. ஊசியும் போதும். கறுப்பு நூலில் கண்ணியே தெரியாது. கைக்குட்டை ஓரம் போன்ற நுண்ணிய வேலைக்கு 20ஆம் எண் நூலும் 1.25 மி.மீ. எஃகு ஊசியும் பொருந்தும். நூலில் எண் ஏற ஏற நூல் மெலியும் என்பதை மனத்தில் வையுங்கள்.

பளபளப்பான பருத்தி நூலை ‘மெர்சரைஸ்’ செய்தது என்பார்கள். 1844இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பார்த்துக் கண்ட முறை அது. பிசிறு குறைவாக இருப்பதால் ஊசியில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். வியர்வைக்குப் பவுடர் பூசாதீர்கள், நூல் அழுக்கேறும். மடியில் ஒரு துண்டு போதும். எஃகு ஊசியை வேலை முடிந்ததும் துடைத்து வையுங்கள், கடற்காற்று வீசும் வீடுகளில் துருக்கறை வெள்ளை நூலில் ஏறிவிட்டால் எளிதில் போகாது.

கேள்வி: வெள்ளைக் கைக்குட்டையைச் சுற்றிச் சிப்பி ஓரம் வைக்க ஆசை. துணியில் எப்படித் தொடங்குவது? மூலையில் என்ன செய்வது? (தாம்பரம் வாசகி)

பதில்: துணியை முதலில் நனைத்து, உலர்த்தி, தேய்த்துக்கொள்ளுங்கள். பின்னிய பிறகு துணி சுருங்கினால் ஓரம் அலையலையாக நிற்கும். நிற நூல் என்றால் ஒரு துண்டை வெந்நீரில் போட்டுச் சாயம் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சாதாரணத் தையல் ஊசியால் நான்கு பக்கமும் சீரான இடைவெளியில் பிளாங்கெட் தையல் (துணியின் ஓரத்தைச் சுற்றிக் கண்ணி கண்ணியாகப் போடும் தையல்) போட்டு, அதன் கண்ணிகளில் ஒரு சுற்றுச் சிங்கிள் பின்னுங்கள். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு முந்தைய பின்னல் வரை எண்ணினால் அது ஆறின் மடங்காக இருக்க வேண்டும். 90 வந்தால் 15 சிப்பி. 93 வந்தால் கவலைப்பட வேண்டாம், தள்ளித் தள்ளி மூன்று இடங்களில் ஒரே கண்ணியில் இரண்டு சிங்கிள் போட்டு 96 ஆக்கிவிடலாம், கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் மூன்றையும் சேர்த்தால் அங்கே புடைக்கும்.

மூலைக் கண்ணியில் சிப்பியின் நடு விழும்படி அமைத்து, அங்கே மட்டும் ஐந்துக்குப் பதில் ஏழு டபுள் போடுங்கள். ஐந்தே போட்டால் மூலை இழுத்துக்கொண்டு துணி மடங்கும்.

கேள்வி: என் பாட்டி நாகர்கோவில் பக்கம் லேஸ் பின்னியவர். அதுவும் குரோஷாவும் ஒன்றா? (திருவான்மியூர் வாசகி)

பதில்: இல்லை. 1820களில் நாகர்கோவிலில் கிறித்துவ மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ், தலையணை மேல் குண்டூசிகள் குத்தி, பல நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. குரோஷாவுக்கு ஒரு நூல், ஒரு கொக்கி ஊசி போதும். ஆந்திரத்து நரசாபுரம் லேஸ்தான் குரோஷா வகை, 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது.

கேள்வி: சிப்பி கற்றதும் கட்டில் விரிப்பு தொடங்கலாமா? (அண்ணாநகர் வாசகி)

பதில்: வேண்டாம். 2016 ஜனவரி 31 அன்று இதே சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையைக் கின்னஸ் சாதனையாக விரித்தார்கள். அதுவும் பலர் பின்னிய சதுரங்களை இணைத்ததுதான். நீங்கள் ஒரு புத்தக அடையாள நாடாவில் தொடங்குங்கள்.

கேள்வி: பின்னி முடித்த ஓரம் விறைப்பாக நிற்கவில்லை. கடைக் கஞ்சி போடலாமா? (ராயபுரம் வாசகி)

பதில்: வடித்த கஞ்சியே போதும். மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு இளக்கி, பின்னலை முக்கி எடுத்துத் துண்டில் வைத்து அழுத்துங்கள், முறுக்கிப் பிழியக் கூடாது. பிறகு தெர்மாகோல் பலகைமேல் விரித்து, ஒவ்வொரு சிப்பியின் உச்சியையும் துருப்பிடிக்காத குண்டூசியால் இழுத்துக் குத்தி உலரவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை ஒத்திப்போடுவது நல்லது, அவசரமென்றால் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். நாள்கணக்கில் பெட்டியில் வைப்பதாக இருந்தால் கஞ்சியை அலசிவிட்டே மடியுங்கள், இல்லையென்றால் கரப்பான் தேடி வரும்.