மரச் சைக்கிளை ஓட்டலாமா, சுவரில்தான் மாட்ட வேண்டுமா?

வவுனியாவில் ஒரு தச்சுப் பட்டறையில் மரச் சைக்கிள் ஒன்றைப் பார்த்ததாகவும், அதை வாங்கினால் நாளாந்தம் வேலைக்கு ஓட்டிச் செல்ல முடியுமா, அல்லது அது அழகுக்கு மட்டும்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓட்டலாம். சைக்கிளின் உடற்சட்டம் மரமாகவும், சக்கரம், செயின், பெடல் அச்சு, பிறேக் ஆகியவை உலோகமாகவும் இருந்தால் அது வண்டி. செயின் வரைக்கும் மரத்தில் செதுக்கியிருந்தால் அது சிற்பம். அதை வாங்குவதும் தவறில்லை, ஆனால் வேலைக்குப் போக வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

மரச் சைக்கிளை விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதுண்டு. 1998ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து 2002இல் வன்னிக்கான ஏ9 வீதி திறக்கும் வரை நான் அப்படியொன்றில்தான் வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கத்தில் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்வந்தேன். போரினால் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம் அது. பெற்றோல் அரிது, உதிரிப்பாகம் அதைவிட அரிது. விறகும் நெல்மூட்டையும் காய்ச்சல்காரரும் சைக்கிள் கரியரில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் சுமையில் என் சைக்கிளின் கீழ்க்குழாய், பெடல் அச்சுக்குச் சற்று மேலே, துரு தின்ற இடத்தில் முறிந்தது. ஒட்டுவித்தேன், ஒட்டுக்குப் பக்கத்தில் மறுபடி முறிந்தது. மேற்குழாயும் வளைந்துபோயிற்று.

என் ஐயா, அதாவது அப்பா, ஓடாவி; மரவேலை செய்பவர். 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது, வீட்டின் முதிரை மரக் கதவுநிலை ஒன்றைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அரிசிமூட்டைக்கு இடமில்லாத பெட்டியில் நிலை எதற்கு என்று அம்மா அன்று பேசியது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அந்த நிலையின் ஒரு காலைத்தான் ஐயா எனக்காக அறுத்தார். பாலை மரம் இன்னும் உறுதி அல்லவா என்று கேட்டேன். பாலைக் கட்டையைக் குளத்தில் போட்டால் தாழ்ந்துவிடும், அந்தப் பாரத்தை நீ உழக்குவாயா என்று திருப்பிக் கேட்டார். தவிர, பல ஆண்டுகள் வீட்டில் நின்று ஈரம் முழுவதும் போன மரம், புதிதாகத் தறித்த மரத்தைப்போல முறுக்காது.

முதல் முயற்சி மூன்று நாளில் முடிந்தது. முறிந்த குழாய்களை வெட்டி, மூட்டுகளில் நான்கு விரல் நீளத்துக்குக் குழாயை விட்டுவிட்டு, மரத்தின் முனையைக் கழுந்தாக, அதாவது மெல்லிய முளையாக, சீவி அந்தக் குழாய்க்குள் இறுக்கியிருந்தார். குழாய்க்குள் போவதற்காக மெலிந்த இடத்திலேயே, ஒரு பள்ளத்தில் விழுந்தபோது, அது 'டக்'கென்று போயிற்று. முறிந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மரம் பிழைவிடேல்லை தம்பி, நான்தான் அதை மெலிவிச்சுப்போட்டன்" என்றார்.

அடுத்த தடவை மரத்தை உள்ளே விடாமல் வெளியே போட்டார். சட்டத்தை நீளவாக்கில் இரண்டு பலகைகளாக அறுத்து, இரண்டின் முகத்திலும் குழாய் பதியும்படி அரைவட்டக் குழி தோண்டி, பழைய ரியூப் ரப்பரை ஒரு சுற்றுச் சுற்றிய குழாய்த்துண்டை நடுவில் கவ்வவைத்து, முனைக்கு இரண்டு போல்ட்டாக முடுக்கினார். போல்ட் துளையை நுனிக்குக் கிட்டப் போட்டால் இழையோடு பிளந்துவிடும் என்று நான்கு விரல் உள்ளே தள்ளித்தான் துளைத்தார். மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் இப்படி மரமாயின; மற்றவை பழைய இரும்பு. அப்படியானால் அது முழு மரச் சைக்கிள் அல்லவே என்று இங்கே யாராவது வாதாடக்கூடும். முழுக்க மரத்தில் செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு இருக்கவில்லை. மறுநாள் பாடசாலை இருந்தது.

ஓட்டிய அனுபவத்தைக் கேட்டால், கிறவல் வீதியில் இரும்பைவிடக் கைக்கு அதிர்ச்சி குறைவு. நெல் ஆலைத் தராசில் நிறுத்தபோது முன்னைவிட 4 கிலோ கூடியிருந்தது. மேட்டில் அது தெரியும். மாரியில் மரம் ஊதிக் கவ்வு இறுகும், கோடையில் ஒடுங்கிப் போல்ட் தளரும். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் ஸ்பானரும் இலுப்பெண்ணெய்ச் சீலையுமாக அரை மணித்தியாலம் அதற்கென்றே போகும். இரவில் திண்ணையில் ஏற்றி வைப்பேன், ஏனென்றால் வன்னிக் கறையானுக்குச் சைக்கிளும் ஒன்றுதான், கதவும் ஒன்றுதான். இந்த வேலைக்கு உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் இரும்பையே வாங்குங்கள். நான் இரும்பைக் குறைத்துச் சொல்ல வரவில்லை, இல்லாத காலத்தை இனிமையாக்கிக் காட்டவும் வரவில்லை.

மரம் சுமை தாங்குமா என்பது பழைய சந்தேகம்தான். 1817இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வொன் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டியே மரம்தான். பெடல் கிடையாது, காலால் நிலத்தை உந்த வேண்டும். கொங்கோவின் கோமா நகரில் இன்றும் 'சுக்குடு' எனும் மர வண்டியில், சக்கரமும் மரமாக, பல நூறு கிலோ மூட்டைகளைக் கொண்டுபோகிறார்கள். அங்கும் சக்கரத்தைச் சுற்றி ரப்பர் பட்டை உண்டு. மரச் சக்கரம் ரப்பர் இல்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்பதை, இரும்புப் பட்டை அடித்த நம் மாட்டுவண்டியில் ஒருமுறை இருந்து போனவர்கள் அறிவார்கள். பட்டறையில் நீங்கள் பார்த்ததற்குக் காற்றடிக்கும் ரயர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு ஹாண்டில் தண்டு நுழையும் இடத்திலும் பெடல் அச்சு சுழலும் இடத்திலும் உள்ளே உலோகக் குழல் பதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அச்சு நேரடியாக மரத்தில் சுழன்றால் சில மாதங்களில் துளை முட்டை வடிவாகிவிடும்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஏ9 வீதியோரத்து விடுதி ஒன்று, வாசலில் வைக்க மரச் சைக்கிள் செய்து தரும்படி என்னைக் கேட்டது. ஐயா அப்போது இல்லை. அவருடைய உளியும் சீவுளியும் என்னிடம் இருந்தன. ஓடத் தேவையில்லை, பக்கத்தில் நின்று படம் எடுத்தால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு மாதம் எடுத்து, பெயாரிங் போட்டு, பிறேக் பூட்டி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அங்கிருந்து விடுதி வரை ஓட்டிக்கொண்டே போய்க் கொடுத்தேன். அடுத்த கிழமை போனபோது அதைச் சுவரில் ஏற்றியிருந்தார்கள். ஆணி அடித்திருந்தது மேற்சட்டத்தின் நடுவில், துளைகூடப் போடாமல், இழை பிளக்கும்படி.