கொர்நேலியு வீட்டு வாசல்

கேள்வி: மூன்று தலைமுறையாக நாங்கள் கிறிஸ்தவர்கள். குடும்ப ஜெபம், தசமபாகம் எதுவும் தவறியதில்லை. என் மகன் ஒரு பெண்ணை விரும்புகிறான். அவளும் விசுவாசிதான், எங்கள் சபையிலேயே பாடகர் குழுவில் பாடுகிறாள். படிப்பு, வேலை, குணம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் நம்ம ஆட்கள் இல்லை. நான் யாரையும் தாழ்வாக நினைப்பவன் அல்ல. விசுவாசம் இருதயத்தைச் சேர்ந்தது. சாதி நம் கலாச்சாரம், பிறந்து வளர்ந்த விதம். இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது என்கிறேன். மகன் கேட்பதாக இல்லை. நீங்களாவது அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தென்காசி மாவட்டம்)

பதில்: சகோதரரே, உங்கள் மகனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் உங்களுக்குத்தான்.

'பிறந்து வளர்ந்த விதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பேதுருவும் இதையேதான் சொன்னார். அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யோப்பாவில், கடலோரத்தில் ஒரு வீட்டு மாடியில் ஜெபிக்கிறார். யாருடைய வீடு? தோல் பதனிடுகிற சீமோனுடைய வீடு. செத்த மிருகத்தின் தோலைத் தொட்டுப் பிழைக்கிறவன் என்று யூதர்கள் ஒதுக்கி வைத்த தொழில் அது. அங்கே தங்குகிற அளவுக்குப் பேதுரு மாறிவிட்டார். இயேசுவோடு கூடவே நடந்தவர், பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்தவர். அப்படிப்பட்டவர் முன்னால், யூதர்கள் தீட்டென்று ஒதுக்கிய மிருகங்களும் நிறைந்த ஒரு துப்பட்டி வானத்திலிருந்து இறங்கி, 'அடித்துப் புசி' என்று சத்தம் வந்ததும் அவர் வாயில் வந்த பதில்: 'அப்படியல்ல, ஆண்டவரே'. தீட்டானது எதையும் நான் ஒருக்காலும் தின்றதில்லை என்கிறார். ஆண்டவரே என்று கூப்பிட்டுக்கொண்டே மாட்டேன் என்கிறார். தாய் ஊட்டி வளர்த்த பழக்கம் அவ்வளவு ஆழத்தில் இருந்தது. மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நடந்து, செசரியாவில் ரோம நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் வீட்டுக்குள் கால் வைக்கிறார். எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாதென்று தேவன் எனக்குக் காட்டினார் என்று அங்கே சொல்கிறார். துப்பட்டி மாடியில் இறங்கியது. அதன் அர்த்தம் அவருக்கு விளங்கியது அடுத்தவன் வீட்டில்.

கதை அதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அப்போஸ்தலன் பவுல் எழுதிய கலாத்தியர் 2-ஐயும் வாசியுங்கள். அந்தியோகியாவில் இதே பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து, அங்கே சபைத் தலைவராயிருந்த யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்தார்கள். உடனே பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுலின் ஊழியத் துணையான பர்னபாவும் அந்தப் பக்கம் இழுபட்டார். கொள்கையில் பேதுருவுக்குச் சந்தேகமே இல்லை. ஊர்க்காரர்கள் பார்க்கிறார்களே என்ற பயம், அவ்வளவுதான். 'சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்' என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் எனக்குக் கேட்பது அந்தக் குரல்தான். பவுல் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசவில்லை. எல்லார் முன்பாகவும் முகமுகமாய் எதிர்த்தார்.

வளர்ப்பு வேறு, விசுவாசம் வேறு என்று வேதம் எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கிரேத்தா தீவாரின் பிறவிக் குணங்கள் என்னென்ன என்று அவர்களில் ஒருவனே சொன்னதை, அங்கே ஊழியம் செய்த தீத்துவுக்கு எழுதிக் காட்டும் பவுல், அது அவர்கள் ஊர் வழக்கம், விட்டுவிடு என்றா சொன்னார்? விசுவாசத்தில் ஆரோக்கியமாக இருக்கும்படி கண்டிப்பாய்க் கடிந்துகொள் என்றார்.

கலாச்சாரம் முழுவதையும் உதறச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இல்லாமல் நம் ஆராதனையை நினைத்துப் பார்க்க முடியுமா? தமிழையும் ராகத்தையும் அப்படியே ஆண்டவரிடம் கொண்டுபோனவர் அவர். அதே சாஸ்திரியார், சாதி வழக்கங்களை விடச் சொன்ன மிஷனெரிமார்களை எதிர்த்தும் எழுதினார். சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். சாஸ்திரியார் பாட்டை நான் தினமும் பாடுகிறேன். இந்த ஒன்றில் அவரோடு நிற்க மாட்டேன்.

கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலுக்கு ஒரு பீடம், இரண்டு கூடங்கள். இந்தச் சாதியாருக்கு ஒன்று, அந்தச் சாதியாருக்கு ஒன்று. இரண்டு பக்கத்தாருக்கும் குருவானவர் தெரிவார், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. 1910-இல்தான் நடுவில் இருந்த தடுப்பு இடிக்கப்பட்டது. அதைக் கட்டியவர்களும் ஜெபம் தவறாதவர்களே.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். எங்கள் ஆச்சி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்பார். வயல் வேலைக்கு வரும் அம்மா ஒருவருக்கென்று தொழுவத்துச் சுவரின் மாடக்குழியில் ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்ந்திருக்கும். அவரே எடுத்துக் கழுவிக்கொண்டு வர வேண்டும். ஆச்சி உயரத் தூக்கி ஊற்றுவார். இருவரும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிற திருவிருந்துக்குப் போகும்போது ஆச்சி எப்படியாவது முந்திக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முடியவில்லை. அந்த அம்மா குடித்த அதே பாத்திரம், துடைத்து, அடுத்ததாக ஆச்சியின் உதட்டுக்கு வந்தது. குடித்தார். அன்று முழுதும் யாரோடும் பேசவில்லை. மறுவாரம் மாடக்குழி காலியாக இருந்தது. வீட்டு எவர்சில்வர் டம்ளரில் காபியை ஊற்றி, ஆச்சியே கையில் கொடுத்தார். அப்போது அவருக்கு 71 வயது. கை நடுங்கியதை நான் பார்த்தேன். ஆனால் சாகும்வரை அவர்கள் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆச்சி அதுவரை வந்தார், அதற்குமேல் வர அவரால் முடியவில்லை. அந்த மிச்சத்தைத் தாண்ட வேண்டியவர்கள் நீங்களும் நானும்.

யாரையும் தாழ்வாக நினைப்பதில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அந்தப் பெண் பாடினால் 'ஆமென்' சொல்கிற நீங்கள், அவள் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தால் எது குறைந்துவிடும் என்பதை எழுதவேயில்லை. எழுதிப் பாருங்கள். ஒரு வரிகூட உங்கள் கையால் எழுத வராது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், நீங்களும் உங்கள் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். மகனை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போகாதீர்கள், நீங்களே முதலில் உள்ளே நுழையுங்கள். பெண் கேட்க வந்திருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். இலை போட்டதும் உட்காருங்கள்.