புத்தர் சிலைகள்: தலை, காது, கை – கேள்வி பதில்

கேள்வி: முடியை வெட்டிக்கொண்டு துறவியானவருக்குத் தலையில் கொண்டை எப்படி?

பதில்: கொண்டை இல்லை, உஷ்ணீஷம்; அதாவது உச்சந்தலையிலேயே உள்ள மேடு. மகாபுருஷருக்குச் சொல்லப்படும் 32 லட்சணங்களில் ஒன்று. ஆனால் காந்தாரச் சிலையை (இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம்) பார்த்துவிட்டுக் கேட்டிருந்தால் உங்கள் மேல் தப்பில்லை. அங்கே சிற்பிகள் அலையலையான கூந்தலை அள்ளி முடிந்தது போலவேதான் செதுக்கினார்கள். குப்தர் காலத்தில் தலை முழுக்கச் சின்னச் சின்னச் சுருள்கள், நடுவில் மேடு. நாகப்பட்டினத்தில் கிடைத்த செப்புச் சிலைகளில் அந்த மேட்டின் மேல் ஒரு தீச்சுடரும் இருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் பாருங்கள்.

கேள்வி: காது ஏன் இவ்வளவு தொங்குகிறது?

பதில்: இளவரசராக இருந்தபோது கனத்த குண்டலம் போட்ட காது. குண்டலத்தைத் துறந்துவிட்டார், துளை மிச்சம். பாம்படம் கழற்றிய பாட்டிகளின் காதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வலது கையால் தரையைத் தொடுவது எதற்கு?

பதில்: சாட்சிக்குக் கூப்பிடுகிறார். போதகயாவில் அரசமரத்தடியில் ஞானம் பெறவிருந்த நேரம். ஞானம் பெறவிடாமல் தடுக்கப் பார்க்கும் மாரன் படையோடு வந்து, 'இந்த ஆசனம் உனக்கு உரியது என்பதற்கு யார் சாட்சி?' என்கிறான். அவனுக்குச் சாட்சி சொல்ல ஒரு படையே நிற்கிறது. இவர் தனி ஆள். பதில் பேசாமல் விரல்நுனியால் பூமியைத் தொடுகிறார், பூமி சாட்சி சொல்கிறது. இதுதான் பூமிஸ்பரிச முத்திரை. இடது கையையும் கவனியுங்கள்: அது மடியில் தியானத்திலேயே இருக்கிறது. இவ்வளவு அமளியிலும் தியானம் கலையவில்லை என்பதை அந்த ஒரு கையிலேயே காட்டிவிடுகிறார்கள்.

தாய்லாந்தில் கதை இன்னும் நீளும். முற்பிறவிகளில் அவர் தானம் செய்தபோதெல்லாம் தாரை வார்த்த நீர் பூமாதேவியின் கூந்தலில் சேர்ந்திருக்கிறது. அவள் கூந்தலைப் பிழிய, மாரன் படை வெள்ளத்தில் போகிறது. அங்குள்ள கோயில் சுவர்களில் நான் ரசித்துப் பார்க்கும் காட்சி இதுதான்.

கேள்வி: கடையில் விற்கும் தொப்பைச் சிரிப்புக்காரருக்கு என்ன முத்திரை?

பதில்: அவர் கௌதம புத்தரே இல்லை. புதாய் என்ற சீனத் துறவி, 10ஆம் நூற்றாண்டுக்காரர். வருங்கால புத்தரான மைத்ரேயரின் அவதாரம் என்பது சீனர்களின் நம்பிக்கை. முத்திரை தேட வேண்டாம்.

கேள்வி: சில சிலைகளில் விரல்களுக்கு நடுவே சவ்வு மாதிரி தெரிகிறதே?

பதில்: நல்ல கண் உங்களுக்கு! அதுவும் 32 லட்சணங்களில் வருவதுதான்; குப்தர் காலச் சிலைகளில் தெளிவாகத் தெரியும். விரல் ஒடியாமலிருக்கச் சிற்பி விட்டுவைத்த கல் என்று சொல்பவர்களும் உண்டு. 'அஞ்சாதே' என்று உள்ளங்கை காட்டும் அபய முத்திரையில் கை வெளியே நீட்டி நிற்பதால் அந்த வாதத்தையும் தள்ளிவிட முடியாது. சாத்திரமும் உளியும் ஒரே இடத்தில் ஒத்துப்போயிருக்கலாம் என்பது என் கணிப்பு.