காய் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி ஏன் கிழிகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் தினமும் இரவு சப்பாத்திதான். மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது. எட்டு வயது மகன் பொரியல் என்றாலே தட்டைத் தள்ளிவிடுவான். அதனால் கேரட், முள்ளங்கி, கீரை என்று மாவிலேயே சேர்த்துப் பிசைந்து பார்க்கிறேன். பிசையும்போது நன்றாக இருக்கும் மாவு, தேய்ப்பதற்குள் தளர்ந்து கையில் ஒட்டுகிறது. மாவு தூவித் தூவித் தேய்த்தால் கிழிகிறது. சுட்டு எடுத்தால் வறட்டி மாதிரி ஆகிவிடுகிறது. மகனுக்கு டப்பாவில் கொடுத்தனுப்பினால் அப்படியே திரும்பி வருகிறது. என்ன செய்வது? இது உண்மையிலேயே உடம்புக்கு நல்லதுதானா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. மாவுக்குள் போன காய் தண்ணீர் விடுகிறது, அவ்வளவுதான். கேரட்டோ முள்ளங்கியோ கீரையோ, முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்பு பட்டதும் அது வெளியே வர ஆரம்பிக்கும். நீங்கள் எப்போதும்போலத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து மூடி வைத்திருப்பீர்கள். அந்த அரை மணி நேரத்தில் காயின் தண்ணீரும் இறங்கி மாவு தளர்ந்துவிடும். அதைச் சமாளிக்கத் தூவுகிற மாவு கல்லில் கருகி, சப்பாத்தியை வறட்டிவிடும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். இரண்டு கப் கோதுமை மாவுக்கு ஒரு கப் காய் போதும். காயைப் பொடியாகத் துருவி, உப்புப் போட்டுப் பிசறி, 10 நிமிடம் வையுங்கள். முள்ளங்கியாக இருந்தால் ஒட்டப் பிழிந்து, அந்தச் சாற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். கொட்டிவிட வேண்டாம், மாவு பிசைய அதுதான் தண்ணீர். கேரட்டைப் பிழிய வேண்டியதில்லை. இப்போது மாவு, கால் கப் கடலை மாவு, கொஞ்சம் ஓமம், மஞ்சள் தூள், ஒரு டீஸ்பூன் எண்ணெய் எல்லாம் சேர்த்துத் தண்ணீர் விடாமலே கையால் பிசறுங்கள். காயின் ஈரத்திலேயே மாவு பாதி சேர்ந்துவிடும். அதன்பிறகு சாற்றையோ தண்ணீரையோ தெளித்துத் தெளித்து, சாதாரணச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகவே பிசைந்து நிறுத்துங்கள். கெட்டியாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், ஊறும்போது இளகிவிடும்.

மாவு ஊற 20 நிமிடம் வேண்டும். முழுக் கோதுமை மாவில் தவிடு இருக்கிறது. அது மெதுவாகத்தான் தண்ணீரைக் குடிக்கும். குடிக்காத தவிடுதான் தேய்க்கும்போது மாவை அங்கங்கே அறுத்துவிடுகிறது. ஆனால் காய் சேர்த்த மாவை முந்தைய இரவே பிசைந்து ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். காலையில் குழகுழவென்று இருக்கும். காலை அவசரத்துக்கு வேண்டுமானால் காயை மட்டும் இரவே துருவி வைத்துக்கொள்ளலாம்.

மாவு மில்லில் அரைக்கிறவராக இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். சம்பா கோதுமையை மட்டும் அரைத்தால் இழுபடும் தன்மை குறைவு, காயும் சேர்ந்தால் கட்டாயம் கிழியும். சாதாரணக் கோதுமையும் அதுவும் பாதிக்குப் பாதி இருக்கட்டும். சலிக்கும்போது தவிட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சுடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காய் இருக்கிறது, வேக வேண்டுமே என்று தீயைக் குறைத்து நிதானமாகச் சுடுவார்கள். அந்த நேரத்தில் மாவின் ஈரமெல்லாம் போய்விடும். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். போட்டதும் சின்னச் சின்னக் கொப்புளம் வரும்போது திருப்பிவிடுங்கள். பொடியாகத் துருவிய காய் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். சாதாரணச் சப்பாத்தியைவிடக் கொஞ்சம் தடிமனாகத் தேய்த்தால் மென்மை நிற்கும். எடுத்ததும் துணியில் சுற்றி வையுங்கள்.

மகனின் டப்பாவுக்குத் தண்ணீருக்குப் பதில் தயிர் விட்டுப் பிசையுங்கள். குஜராத்தில் வெந்தயக்கீரையும் கடலை மாவும் தயிரும் சேர்த்துத் தேப்லா செய்து பயணத்துக்கு எடுத்துப் போவார்கள். இரண்டு நாள்கூட மெத்தென்று இருக்கும். அந்தக் கைமுறை நம் டப்பாவுக்கும் அப்படியே பொருந்தும். ஆவி அடங்கியபின் மூடினால் ஈரம் கோத்துக்கொள்ளாது.

சரி, உடம்புக்கு நல்லதா என்று கேட்டீர்கள். நல்லதுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரு கப் கேரட் துருவல் 100 கிராமுக்குச் சற்று அதிகம் இருக்கும். அதைப் பத்துச் சப்பாத்திக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 10, 12 கிராம்தான் வரும். மூன்று சாப்பிட்டாலும் 35 கிராம். காயும் பழமும் சேர்த்து ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாவு பச்சையாகவோ சிவப்பாகவோ மாறிவிட்டது என்பதற்காகப் பொரியலை நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியோ சுரைக்காய்க் கூட்டோ இருந்தே ஆக வேண்டும்.

மாமனார் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சர்க்கரை இருப்பவர் சோற்றைவிட்டுச் சப்பாத்திக்கு மாறினால் எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. இரவில் ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டால் சோறு சாப்பிட்ட மாதிரியேதான். முழுக் கோதுமை மாவில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார்ச்சத்து உண்டு, வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. அந்த வகையில் லாபம்தான். மாவுச்சத்து இரண்டிலும் நிறையவே இருக்கிறது. அவருக்கு எத்தனை என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எண்ணெயும் கணக்கில் வரட்டும். 30 கிராம் மாவில் செய்த சப்பாத்தி ஏறக்குறைய 100 கலோரி. இருபுறமும் ஒவ்வொரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் இன்னொரு சப்பாத்தி சாப்பிட்ட அளவுக்குப் பக்கத்தில் போய்விடும்.

மகனிடம் காயை ஒளித்துக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. தெரியாமல் சாப்பிட்ட காய் அவனுக்குப் பழகாது. சப்பாத்தியில் கேரட் கண்ணுக்குத் தெரியட்டும், துருவும் வேலையில் அவனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் கேரட்டில் ஆரம்பியுங்கள், அதுதான் கைக்கு அடங்கும். அப்புறம் வெந்தயக்கீரை, முருங்கைக்கீரை. முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கி இரண்டு நிமிடம் வதக்கி, ஆறியபின் சேர்க்க வேண்டும். காலிஃப்ளவரை உள்ளே வைத்து மூடிச் சுடும் பஞ்சாபி பராத்தா கடைசியாக இருக்கட்டும். அதற்கு மட்டும் துருவலில் உப்பை முன்னதாகப் போடாமல், ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் பூரணம் வைக்கிற நேரத்தில் தூவுங்கள்.