ஆபிரகாம் லிங்கன் எட்டுத் தேர்தல்களில் தோற்ற பிறகுதான் ஜனாதிபதி ஆனாரா? அவருடைய உண்மையான தேர்தல் கணக்கு என்ன?

இல்லை. எட்டு என்ற எண் சரிதான், ஆனால் அது அவர் வென்ற தேர்தல்களின் எண்ணிக்கை. பொதுமக்கள் ஓட்டுப் போட்டு லிங்கனைத் தோற்கடித்தது ஒரே ஒரு முறை, 1832-ல். அப்போது அவருக்கு வயது 23. 1834, 1836, 1838, 1840, 1846, 1854, 1860, 1864 ஆகிய எட்டு முறையும் மக்கள் ஓட்டில் அவர் வென்றார். மக்களிடம் தோற்றது அந்த ஒரு முறைதான் என்பதை 1859 இறுதியில் எழுதிய சிறு சுயகுறிப்பில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

தன்னம்பிக்கைப் பேச்சுகளிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிற "தோல்விப் பட்டியல்" வெற்றிகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிடுகிறது. கட்சிக்குள் நடந்த தேர்வு, சபாநாயகர் தேர்வு, அவர் போட்டியே போடாத தேர்தல் என எல்லாவற்றையும் "தோல்வி" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. அதனால் ஒவ்வொன்றிலும் ஓட்டுப் போட்டது யார் என்று பார்த்துக்கொண்டே போவோம்.

1832 ஆகஸ்ட் 6. இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்கு சாங்கமன் கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் போன்ற பிரிவு) 4 இடங்கள், 13 வேட்பாளர்கள். லிங்கனுக்கு 657 ஓட்டு, எட்டாவது இடம். கடைசியாகத் தேர்வான பீட்டர் கார்ட்ரைட் என்ற மெதடிஸ்ட் போதகருக்கு 815. அந்தக் காலத்தில் இல்லினாயில் ரகசிய ஓட்டு கிடையாது. வாக்காளர் அதிகாரிகள் முன் வந்து நின்று, தனக்குப் பிடித்த நான்கு பெயர்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் ஏட்டில் அவருடைய பெயருக்கு நேரே குறித்துக்கொள்வார். அந்த ஏடுகள் எஞ்சியிருப்பதால்தான் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்க முடிகிறது.

ஏன் தோற்றார்? மார்ச்சில் வேட்பாளராக அறிவித்துக்கொண்டார். ஏப்ரலில், பழங்குடியினருக்கு எதிரான பிளாக் ஹாக் போருக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஓட்டுப்பதிவுக்கு இரண்டு வாரம்கூடச் சரியாக இல்லை. கவுண்டியோ மிகப் பெரியது, அவரைத் தெரிந்தவர்கள் அவர் வசித்த நியூ சேலம் பக்கம் மட்டும்தான். அந்த நியூ சேலம் வாக்குச்சாவடியில் ஓட்டுப் போட்ட 300 பேரில் 277 பேர் லிங்கன் பெயரைச் சொன்னார்கள். இந்த ஒரு எண்ணுக்காகவே 1832-ஐத் தோல்வி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. தெரிந்த இடத்தில் ஏறக்குறைய எல்லா ஓட்டையும் வாங்கிய இளைஞன், தெரியாத இடங்களில் தோற்றிருக்கிறான்.

1834-ல் அதே கவுண்டி, அதே 4 இடங்கள். 1,376 ஓட்டுடன் இரண்டாவதாக வந்தார். முதலிடத்துக்கும் அவருக்கும் 14 ஓட்டுதான் வித்தியாசம். 1836-லும் 1838-லும் கவுண்டியிலேயே முதலிடம் (1,716, பிறகு 1,803). 1840-லும் ஜெயித்தார், ஆனால் தேர்வானவர்களில் கடைசி இடம். தொடர்ந்து நான்கு முறை. இடையில் 1838-ல் சபாநாயகர் பதவிக்கு, ஜனநாயகக் கட்சிக்கு எதிரே நின்ற அவருடைய விக் கட்சி அவரை நிறுத்தியது. அது கிடைக்கவில்லை. பட்டியலில் வரும் "சபாநாயகர் தேர்தலில் தோல்வி" இதுதான். ஓட்டுப் போட்டவர்கள் சக உறுப்பினர்கள்.

1840-ல் "தேர்வாளர் தேர்தலில் தோல்வி" என்றும் ஒரு வரி வரும். அமெரிக்க ஜனாதிபதியை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் தேர்வாளர்கள்; ஜனாதிபதி தேர்தலில் ஒவ்வொரு மாநிலத்திலும் கட்சி ஒரு தேர்வாளர் பட்டியலை நிறுத்தும். இல்லினாயில் விக் கட்சிப் பட்டியலில் லிங்கன் பெயர் இருந்தது. மக்கள் ஓட்டுப் போட்டது ஜனாதிபதி வேட்பாளர் ஹாரிசனை மனதில் வைத்து. ஹாரிசன் இல்லினாயில் தோற்றார், நாட்டளவில் ஜெயித்து ஜனாதிபதியும் ஆனார். இதை லிங்கனின் சொந்தத் தோல்வியாக எழுதுவது நியாயமில்லை.

1843 கட்சி வேட்பாளர் தேர்வு. நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கு நிற்க விரும்பினார். சொந்தக் கவுண்டியின் விக் கட்சிக்காரர்களே எட்வர்ட் பேக்கரை முன்மொழிந்தார்கள், லிங்கனையே பேக்கருக்கு ஆதரவான பிரதிநிதியாக மாநாட்டுக்கும் அனுப்பினார்கள். கடைசியில் வாய்ப்பு ஜான் ஹார்டினுக்குப் போனது. ஆளுக்கு ஒரு தவணை என்ற புரிதல் அதன் பிறகு வேரூன்றியது. ஹார்டின், பேக்கர், பிறகு லிங்கன். 1846-ல் அவர் முறை வந்தது. எதிரே நின்றவர் 1832-ல் அவரை முந்திய அதே கார்ட்ரைட். லிங்கனுக்கு மதநம்பிக்கை இல்லை என்ற பிரசாரம் கிளம்ப, அவர் துண்டறிக்கை அச்சடித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முடிவு: லிங்கன் 6,340, கார்ட்ரைட் 4,829. அடிமைமுறையை எதிர்த்த லிபர்ட்டி கட்சிக்கு 249.

1848-ல் "மறுதேர்தலில் தோல்வி" என்பது அப்பட்டமான பிழை. அந்த ஆண்டு அவர் நிற்கவே இல்லை. ஆளுக்கு ஒரு தவணை என்ற ஏற்பாட்டின்படி ஸ்டீபன் லோகன் நின்றார், 106 ஓட்டில் தோற்றார். மெக்சிகோ போரை லிங்கன் எதிர்த்ததும் அந்தத் தோல்விக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு.

இனி செனட். இங்கேதான் குழப்பம் அதிகம். 1913-ல் 17-வது அரசியல் சட்டத் திருத்தம் வரும்வரை செனட் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன, நம் எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புவதைப் போல. லிங்கனின் இரண்டு செனட் தோல்விகளும் சட்டமன்றத்துக்குள் நடந்தவை.

1854 நவம்பரில் மக்கள் அவரை மீண்டும் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பட்டியல்களில் இந்த வெற்றி வராது. சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டு செனட்டுக்குப் போட்டியிட மாநில அரசியல் சட்டம் இடம் தரவில்லை, எனவே அந்த இடத்தை ஏற்காமல் விட்டார். டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அது ஜனநாயகக் கட்சிக்குப் போய்விட்டது. தன் பக்கத்தில் ஒரு ஓட்டைத் தானே இழந்து, எதிர்ப்பக்கத்துக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார். 1855 பிப்ரவரி 8-ல் முதல் சுற்று: லிங்கன் 44, பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷீல்ட்ஸ் 41, டிரம்புல் 5. முதலிடத்தில் இருந்தவர் எப்படித் தோற்றார்? டிரம்புலுக்கு ஓட்டுப் போட்ட ஐந்து பேரும் அடிமைமுறை பரவுவதை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கொள்கையில் லிங்கனோடு ஒத்துப்போனாலும் ஒரு விக் கட்சிக்காரருக்கு ஓட்டுப் போட அவர்கள் மறுத்தார்கள். சுற்றுகள் நீள நீள ஜனநாயகக் கட்சி ஆளுநர் மேட்டிசனை முன்னால் கொண்டுவந்தது, அவருடைய ஓட்டு 47 வரை ஏறியது. லிங்கனின் ஓட்டு 15-க்கு இறங்கியது. அந்தக் கட்டத்தில், எஞ்சியிருக்கும் எல்லாரும் டிரம்புலுக்குப் போடுங்கள் என்று லிங்கனே சொன்னார். பத்தாவது சுற்றில் டிரம்புல் 51 ஓட்டில் வென்றார். 44 பேரை வைத்திருந்தவர் 5 பேரை வைத்திருந்தவருக்கு விட்டுக்கொடுத்தது சாதாரண காரியம் இல்லை. லிங்கனின் அரசியல் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் தருணம் இது.

1856-ல் பிலடெல்ஃபியாவில், லிங்கன் அதற்குள் சேர்ந்திருந்த புதிய குடியரசுக் கட்சியின் மாநாடு. துணை ஜனாதிபதி வேட்பாளருக்கான பூர்வாங்க ஓட்டில் லிங்கன் பெயருக்கு 110 விழுந்தது. அவர் மாநாட்டிலேயே இல்லை, வழக்கு வேலையாக இல்லினாயில் இருந்தார். இதையும் தோல்வியில் சேர்க்கிறார்கள். உண்மையில் வெளிமாநிலங்களில் அவர் பெயர் பரவத் தொடங்கியதன் அடையாளம் அது.

1858-ல் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஸ்டீபன் டக்ளஸுடன் ஏழு ஊர்களில் நடந்த விவாதங்கள் எல்லாருக்கும் தெரியும். வாக்காளர் போட்ட சீட்டில் அவர்கள் இருவர் பெயரும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. மக்கள் தேர்ந்தெடுத்தது சட்டமன்ற உறுப்பினர்களை. மாநில அளவில் யாருக்கு ஆதரவு என்று அறிய அதே நாளில் நடந்த மாநிலப் பொருளாளர் தேர்தலைப் பார்க்க வேண்டும். குடியரசுக் கட்சிக்குச் சுமார் 1,25,000, டக்ளஸ் அணிக்குச் சுமார் 1,21,000, ஜனாதிபதி புக்கானன் ஆதரவு அணிக்குச் சுமார் 5,000. ஆனால் 1859 ஜனவரி 5-ல் சட்டமன்றத்தில் டக்ளஸ் 54, லிங்கன் 46. காரணம் இரண்டு. தொகுதிகள் 1850 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பிரிக்கப்பட்டவை. அதன் பிறகு வேகமாகப் பெருகிய வடக்குக் கவுண்டிகள் லிங்கன் பக்கம், அவற்றுக்கு உரிய இடங்கள் கிடைக்கவில்லை. இரண்டாவது, அந்த ஆண்டு தேர்தலைச் சந்திக்காமல் பதவியில் தொடர்ந்த 13 மேலவை உறுப்பினர்களில் 8 பேர் ஜனநாயகக் கட்சி.

1860 மே, ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாடு. 465 ஓட்டில் 233 வேண்டும். முதல் சுற்றில் நியூயார்க் செனட்டர் சீவார்ட் 173½, லிங்கன் 102. இரண்டாவதில் 184½-க்கு 181. மூன்றாவதில் லிங்கன் 231½, ஒன்றரை ஓட்டுதான் குறை. ஓஹையோ பிரதிநிதிகளில் நான்கு பேர் அப்போதே மாறினார்கள், முடிந்தது. அரை ஓட்டு எப்படி வரும் என்றால், சில மாநிலங்கள் இடத்துக்கு இரண்டு பேரை அனுப்பி ஆளுக்கு அரை ஓட்டு கொடுத்திருந்தன.

நவம்பர் 6 பொதுத்தேர்தலில் நால்வர். லிங்கன் 18.66 லட்சம் ஓட்டு, 180 தேர்வாளர்கள். டக்ளஸ் 13.8 லட்சம், 12. பிரெக்கின்ரிட்ஜ் 8.48 லட்சம், 72. பெல் 5.9 லட்சம், 39. லிங்கனின் பங்கு 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. "எதிரிகள் பிரிந்ததால் ஜெயித்தார்" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூவரின் ஓட்டையும் ஒருவருக்கே கொடுத்தாலும் லிங்கன் இழப்பது கலிஃபோர்னியாவின் 4, ஓரிகனின் 3, நியூ ஜெர்சியில் அவருக்குக் கிடைத்த 4, ஆக 11. மீதி 169. தேவை 152. மற்ற வட மாநிலங்களில் அவருக்கு அறுதிப் பெரும்பான்மையே இருந்தது. உண்மையான ஆபத்து நியூயார்க்கில். அங்கே எதிரணி சேர்ந்தே நின்றது, லிங்கன் சுமார் 50,000 ஓட்டில் வென்றார். அதில் பாதிப் பேர் மாறிப் போட்டிருந்தால் 35 தேர்வாளர்கள் கைவிட்டுப் போய் அவருடைய கணக்கு 145-ல் நின்றிருக்கும். முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும்.

தெற்கில் "லிங்கன் பெயரைத் தடை செய்தார்கள்" என்பதும் துல்லியமில்லை. அப்போது அரசு ஓட்டுச்சீட்டு அச்சடிக்கவில்லை. கட்சிகளே நீளமான சீட்டு அடித்துக் கொடுக்கும், வாக்காளர் அதை வாங்கிப் பெட்டியில் போடுவார். குடியரசுக் கட்சி அமைப்பே இல்லாத தென்மாநிலங்களில் சீட்டு அடித்து விநியோகிக்க ஆள் இல்லை, துணிந்தவர்களுக்குப் பாதுகாப்பும் இல்லை. தென் கரோலினாவில் மக்கள் ஓட்டே கிடையாது, சட்டமன்றம்தான் தேர்வாளர்களை நியமித்தது. அவர் பிறந்த கென்டக்கியில் கிடைத்தது 1,364 ஓட்டு. அந்தச் சீட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள தான் வசித்த ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன் ஓட்டுப் போட்ட விதமே போதும். சீட்டின் தலைப்பில் அவருக்கான தேர்வாளர்களின் பெயர்கள், கீழே மாநில, உள்ளூர் வேட்பாளர்கள். அவர் தலைப்பகுதியைக் கத்தரித்து எடுத்துவிட்டு மீதியைப் பெட்டியில் போட்டார். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ளவில்லை.

1864-ல் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே தேர்தல். ஆகஸ்ட் 23-ல், தான் தோற்பது உறுதி என்று நினைத்து ஒரு குறிப்பு எழுதி, உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்தார். செப்டம்பர் 2-ல் தென்தரப்பின் அட்லாண்டா நகரம் லிங்கனின் படையிடம் விழுந்தது, காற்று திரும்பியது. நவம்பர் 8-ல் 55 விழுக்காடு, 212 தேர்வாளர்கள். எதிரே நின்ற ஜனநாயகக் கட்சியின் மெக்கிளெல்லனுக்கு நியூ ஜெர்சி, டெலவேர், கென்டக்கி மட்டும், 21. ஓட்டு வித்தியாசம் நான்கு லட்சம் என்றாலும் நியூயார்க்கில் 7,000-க்கும் குறைவுதான். படைவீரர் ஓட்டு தனியாக எண்ணப்பட்ட மாநிலங்களில் பத்தில் எட்டுப் பங்குக்குச் சற்றுக் குறைவாக லிங்கனுக்கு விழுந்தது. இல்லினாய், இந்தியானா, நியூ ஜெர்சி ஆகியவை களத்திலிருந்து ஓட்டுப் போட அனுமதிக்கவில்லை. அதனால்தான் இந்தியானா வீரர்களுக்கு முடிந்தால் விடுப்புக் கொடுக்கச் சொல்லித் தளபதி ஷெர்மனுக்குக் கடிதம் எழுதினார். நெவாடாவின் மூன்று தேர்வாளர்களில் ஒருவர் ஓட்டுப் போடாததால் 213 வர வேண்டியது 212 ஆனது. டென்னசி, லூசியானா மாநிலங்களின் தேர்வாளர் ஓட்டுகளை நாடாளுமன்றம் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தக் காலத்து மொத்த ஓட்டு எண்கள் புத்தகத்துக்குப் புத்தகம் சில ஆயிரம் மாறும். வாக்காளர் போட்டது தனித்தனித் தேர்வாளர்களுக்கு, ஒரே பட்டியலுக்குள்ளும் ஆளுக்கு ஆள் எண்ணிக்கை வேறுபடும். சிலர் அதிகபட்சத்தை எடுப்பார்கள், சிலர் சராசரியை. நியூயார்க் போலக் கூட்டுப் பட்டியல் இருந்த இடங்களில் அந்த ஓட்டை எந்த வேட்பாளர் கணக்கில் எழுதுவது என்பதிலும் வித்தியாசம் வரும். தேர்வாளர் எண்ணிக்கையில் அந்தச் சிக்கல் இல்லை, ஒப்பிட அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவரை நான்கு முறை தொடர்ந்து சட்டமன்றத்துக்கு அனுப்பிய சாங்கமன் கவுண்டி, ஜனாதிபதி தேர்தலில் இரண்டு முறையும் அவருக்கு எதிராகப் போனது. 1860-ல் டக்ளஸுக்கு மயிரிழையில், 1864-ல் மெக்கிளெல்லனுக்கு இன்னும் தெளிவாக.